சூசையின் டிரம்பெட்டும் மாஸ்டரின் பெல்ட்டும்

ஒரு ஜமீன் பேண்டு செட்டில் சூசை என்று ஓர் ஒல்லி ஆள் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தான். அவனை விரட்டிவிட்டுத் தன் மைத்துனனை உள்ளே கொண்டுவர பேண்டு மாஸ்டர் ஆசீருக்கு ஆசை.

"இவன் ஊதினால் வாசலைத் தாண்டாது எஜமான். நெஞ்சில் காற்றே இல்லை" என்று ஜமீன்தாரிடம் போட்டுக்கொடுத்தார்.

ஜமீன்தார் சூசையைக் கூப்பிட்டார். "அடுத்த வாரம் கலெக்டர் துரை வருகிறார். நாளைக்கு நீ ஊதுவது ஏரிக்கு அக்கரையில் கேட்க வேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்டு."

கோளாறு எங்கே என்று சூசைக்குத் தெரியும். மிடுக்காகத் தெரிய வேண்டும் என்று மாஸ்டர் பேண்டுக்காரர்கள் இடுப்பில் தோல் பெல்ட்டை இறுக்கிவிட்டிருந்தார். வயிறு விரியாமல் மூச்சு எப்படி இறங்கும்? வாயால் சொன்னால் சாக்கு என்பார்கள்.

மறுநாள் ஏரிக்கரையில் பேண்டு செட் முழுவதும் ஜமீன்தார் முன் கூடியபோது சூசை கும்பிட்டான். "எஜமான், மாஸ்டர் ஒருதரம் ஊதிக் காட்டட்டும். பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்."

"இதென்ன பிரமாதம்" என்று மாஸ்டர் டிரம்பெட்டை வாங்கினார்.

"இதையும் கட்டிக்கொள்ளுங்கள் ஐயா. நாங்கள் இப்படித்தானே ஊதுகிறோம்" என்று சூசை தன் பெல்ட்டை அவிழ்த்து நீட்டினான்.

ஜமீன்தார் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க வழியில்லை. மாஸ்டர் தொப்பையை எக்கிக் கட்டிக்கொண்டு ஊதினார். கன்னம் பூசணிக்காயாக உப்பியது. டிரம்பெட் பூனைக்குட்டி மாதிரி முனகியது.

"என்ன மாஸ்டர், உம்முடைய காற்று எங்கே போயிற்று?" என்றார் ஜமீன்தார்.

சூசை டிரம்பெட்டை வாங்கி, அடிவயிறு வரை மூச்சை இறக்கி, அவசரப்படாமல் ஊதினான். அக்கரையில் தூங்கிக்கொண்டிருந்த பரிசல்காரர் துள்ளி எழுந்து, துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார்.

"யாரு சாமி கூப்பிட்டது?"

"இவன்தான்" என்றார் ஜமீன்தார். "துரைக்கும் இவனே ஊதுவான். எல்லாரும் பெல்ட்டைக் கழற்றுங்கள்."