முதலில் மிஷினை நிறுத்தியவர்

“பத்திரிகைக்காரன் தப்புப் பண்ணிட்டான் அம்மிணி,” என்றார் ஆறுச்சாமி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

கோதை கரும்பலகையில் அன்றைய குறுக்கெழுத்துக் கட்டத்தை வரைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“எந்தக் கட்டத்துலீங்க?”

“கட்டம் சரியாத்தான் இருக்குது. அச்சுலதான் தப்பு.”

ஆலை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. தொழிலாளர் படிப்பகம் மட்டும் மிச்சம். அங்கே வருகிறவர்கள் தலையங்கம் படிப்பதில்லை. அதை யாருக்காக எழுதுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். குறுக்கெழுத்துதான் போடுவார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் நாளுக்கு ஒரு பொருள் வரும். நேற்று மீன்கள். முந்தின நாள் வாத்தியங்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் கோதையிடம் போவார்கள். நாற்பது வயதுக்காரி. படிப்பகம் அவள் பொறுப்பு. ஒருவருக்கும் அவள் ஒரு விடையும் சொன்னதில்லை. ஆனாலும் வந்தவர்கள் விடையோடுதான் திரும்பினார்கள். கிண்டலாக அவளை ஆசான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளாவட்டத்தில் கிண்டல் போய் ஆசான் நின்றுவிட்டது.

அவளிடம் உதவி கேட்க ஒரு முறை உண்டு. கேட்கிறவர், தான் எழுதியதில் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு சொல்லை முதலில் அழிக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டால் டஸ்டரை நீட்டுவாள்.

இன்றைய பொருளைப் பார்த்ததிலிருந்து ஆறுச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. ‘நம்மூர் ஆலை வேலைநிறுத்தம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அவர் நடத்திய வேலைநிறுத்தம். அவர் ஜெயிலுக்குப் போன வேலைநிறுத்தம். பிறகு அவரையே வெளியே தள்ளிய சங்கம் வருஷா வருஷம் மாலை போட்டுக் கொண்டாடும் வேலைநிறுத்தம்.

இன்று சாயங்காலம் அந்தக் கூட்டம். மேடையில் பேசுகிறவர்கள் பெயரெல்லாம் சுவரில் ஒட்டியிருந்தது. ஆறுச்சாமியின் பெயர் இல்லை.

ஆனால் பத்திரிகையில் இருந்தது.

“படி அம்மிணி. இடமிருந்து வலம், நடுவுல.”

கோதை படித்தாள். “முதலில் மிஷினை நிறுத்தியவர்.”

“எத்தனை கட்டம்?”

“அஞ்சுங்க.”

“ஆ, று, ச், சா, மி.” விரல் விட்டு எண்ணினார். “இத எடுத்துட்டுப் போயி இன்னிக்கு மேடையில ஏறப் போறேன். எவன் தடுக்கறான்னு பாத்துடலாம்.”

பெஞ்சில் சாய்ந்திருந்த நாச்சிமுத்து ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“அப்பறம் எதுக்கு இங்க வந்தே? நேரா மேடைக்கே போறது.”

“ரெண்டு கட்டம் ஒட்டலப்பா. கட்டம் பூராவும் ரொப்பி, முழுசாக் காட்டணுமல்ல?”

சாக்பீஸை வாங்கிப் பலகையில் மளமளவென்று நிரப்பினார். சங்கம். கோரிக்கை. கதவடைப்பு. இந்தச் சொற்களை அவர் அகராதியிலா கற்றார்? நோட்டீஸ் அடித்துக் கற்றார், அடிபட்டுக் கற்றார். குறிப்பைப் படித்து முடிக்குமுன் விடை கைக்கு வந்தது. நடுவில் தன் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினார்.

“இப்பப் பாரு. நாலாவது எழுத்துலிருந்து கீழே. ‘அடிக்க வந்தவர்கள் உடுத்தியிருந்தது.’ மூணு எழுத்து. காக்கி. பச்சக் கொளந்தைக்குத் தெரியும். ஆனா முதல் எழுத்து சா-ன்னு இருக்குது.”

“சாக்கியா?” என்றார் நாச்சிமுத்து. “நல்லா ஞாபகப்படுத்திப் பாரு. அவனுக வேற துணி உடுத்திட்டு வந்திருப்பானுக.”

“நீ தூங்குப்பா. இன்னொண்ணு, அஞ்சாவது எழுத்துல வந்து முடியறது. ‘கொடி பிடித்து எல்லோரும் நடப்பது.’ பேரணி. அங்க போய் மி-ன்னு நிக்குது. எத்தன நோட்டீஸுக்கு நான் புரூஃப் பாத்திருப்பேன்? இது அச்சுக் கோத்தவன் தப்பேதான். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் அம்மிணி. ஆமான்னு மட்டும் சொல்லு, போதும்.”

கோதை டஸ்டரை நீட்டினாள்.

“எனக்குமா முறை?”

டஸ்டர் நீட்டியபடியே இருந்தது.

ஆறுச்சாமி வாங்கி ‘சங்கம்’ என்ற சொல்லை அழித்தார். அதை அழிப்பதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

“அது நிச்சயமுங்களா உங்களுக்கு?”

“ஒரு காலத்துல இருந்துச்சு.”

“நிச்சயமானத அழிங்க.”

அவர் ‘கோரிக்கை’யை அழித்தார். கோதை தலையசைக்கவில்லை. ‘கதவடைப்’பை அழித்தார். அவள் பார்வை பலகையின் நடுவில் இருந்தது.

ஆறுச்சாமி டஸ்டரை மேஜைமேல் வைத்தார்.

“அத மட்டும் கேக்காதே. போலீஸ்காரன் அடிச்சுக் கேட்டும் நான் பின்வாங்கினதில்ல. சங்கத்துலிருந்து எடுத்தானுக. வேலைநிறுத்தத்துக்கு வெச்ச கல்வெட்டுல எம் பேர விட்டுட்டானுக. கெடக்கறது இந்த அஞ்சு கட்டம். அதையும் நானே அழிக்கோணுமா?”

“வேண்டாமுங்க,” என்றாள் கோதை. “அந்த நாள்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

நாச்சிமுத்து இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். “போச்சு. ஆரம்பிச்சுட்டான்.”

ஆறுச்சாமிக்கு முதுகு நிமிர்ந்தது. பலகைக்கு முன்னால் நின்றார். படிப்பகம் பொதுக்கூட்ட மைதானம் ஆயிற்று.

“மத்தியான ஷிப்ட். நிறுத்தோணும்னு பேசி வெச்சிருக்கோம். ஆனா எவன் கையும் சுவிட்சுக்குப் போகல. மேஸ்திரி வாயில விசிலோட நிக்கறான். நூல் பறக்குது. ஸ்பின்னிங் சத்தத்துல பக்கத்தாள் பேசறது காதுல விழாது. நான் சுவத்துல ஒரு கையை ஊணிட்டு நிக்கறேன். அந்தப் பக்கம் ரீலிங். மிஷின்ல நூலைச் சிட்டமாச் சுத்தற பொம்பளைக இருக்கற எடம். ராப்பகலா அந்தச் சுவரு அதிர்ந்துட்டே இருக்கும். கையை வெச்சா முழங்கை வரைக்கும் ஏறும்.”

“அப்பறங்க?”

“திடீர்னு சுவரு அதிரல. செத்த மாதிரி நிக்குது. என் ஒடம்புல ஒரு கூச்சம் ஓடுச்சு பாரு. யாரோ தோளைத் தொட்டு ‘இப்ப’ன்னு சொன்ன மாதிரி. ஒரே இழுப்பு. சுவிட்ச எறக்கினேன். அத்தன மிஷினும் ஒண்ணொண்ணா அடங்குச்சு. மேஸ்திரி விசில் கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு அம்மிணி. விசில் விழற சத்தம்.”

அவர் கண் பளபளத்தது. கோதையும் பெஞ்சின் விளிம்புக்கு வந்திருந்தாள்.

“வெளிய ஓடியாரோம். வேப்பமரத்தடியில ரீலிங் பொம்பளைக அத்தன பேரும் நிக்கறாங்க. எனக்காகக் காத்துட்டு. முன்னால அருக்காணி. இடுப்புல கைய வெச்சுட்டு என்னயப் பாத்துச் சிரிக்கறா. ‘இப்பத்தான் வர்றீங்களா’ங்கறா.”

இந்த இடத்தில் மைதானம் எப்போதும் கை தட்டும். ஆறுச்சாமி பழக்கத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.

கைதட்டல் வரவில்லை. கோதை கேட்டாள்.

“சுவரு ஏனுங்க அதிரல?”

ஆறுச்சாமி வாயைத் திறந்தார்.

எத்தனையோ மேடையில் சொன்ன கதை. தெருமுனையில், ஜெயிலில், சாவு வீட்டில் சொன்ன கதை. ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அவர் உட்பட.

அவர் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அந்தச் சுவரில் ஊன்றியிருந்த கை.

நாச்சிமுத்து எழுந்து உட்கார்ந்தார். “என்னப்பா?”

ஆறுச்சாமி டஸ்டரை எடுத்தார். நடுவில் இருந்த ஐந்து எழுத்தையும் ஒரே இழுப்பில் துடைத்தார். அன்று சுவிட்சை இறக்கிய இழுப்பும் இப்படித்தான் இருந்திருக்கும்.

வேகம் வந்துவிட்டது. மேலிருந்து கீழ், காக்கி. பக்கத்தில், பேரணி. சாக்பீஸ் உடைந்தது, உடைந்த துண்டோடு எழுதினார். துடைத்த ஐந்து கட்டத்தில் இப்போது கடைசி இரண்டு மட்டும் நிரம்பி நின்றன. கா. ணி.

அவர் சிரித்தார். சத்தம் போட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

“உதவி வேணுமுங்களா தோழர்?” என்றாள் கோதை.

“நீ சும்மா இரு அம்மிணி.”

எழுதினார். அருக்காணி. தன் பெயரை எழுதியதைவிடப் பெரிதாக.

எழுதிவிட்டுச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். செருப்பை மாட்டும்போது இடது வலது மாறிப்போயிற்று. அப்படியே வாசலில் இறங்கி வேகமாக நடந்தார்.

நாச்சிமுத்து ஜன்னலுக்கு வந்து கத்தினார்.

“யோவ், மேடை இந்தப் பக்கம்.”

ஆறுச்சாமி திரும்பாமல் சொன்னார்.

“தெரியுமப்பா. அவ வீடு அந்தப் பக்கம்.”