வாசப்படிக்கு வந்த மைக்

அருளப்பன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதில் சவுண்டு வேலை கற்கக் கிளம்பிய மனிதரைப் பாளையங்கோட்டையே கேலி செய்தது. அவரைச் சேர்த்துக்கொண்டவள், மைக், ஸ்பீக்கர் வேலை சொல்லித்தரும் நூர்ஜஹான் ஒருத்திதான். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த நன்றி அவருக்கு நெஞ்சு கொள்ளாமல் உண்டு. வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலையில் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"டீச்சர், நீங்க சொல்லித் தந்தபடியே செஞ்சேன். மைக்கை வச்சு, ஸ்பீக்கர்ல சோதனைச் சத்தம் விட்டு அளந்தேன். எங்க வீட்டுச் சுவரு எந்தச் சத்தத்தை ஊதிப் பெருசாக்குதுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு, அதை மட்டும் குறைச்சிட்டு. எனக்குச் சும்மா கணீர்னு கேக்குது. என் வீட்டுக்காரி ரெஜினாளுக்கு மட்டும் பானைக்குள்ள பேசுற மாதிரியே இருக்காம்."

"அக்கா ஸ்பீக்கர்ல என்ன கேப்பாங்க?"

"கப்பல்ல வேலை பாக்கிற மகன் வாராவாரம் பேசி அனுப்புதான். புரிஞ்ச மாதிரி தலையாட்டிக்கிட்டே இருந்திருக்கா பாவி மக. நேத்து உடைஞ்சு அழுதுட்டா. அவ காதுதான் போச்சா டீச்சர்?"

நூர்ஜஹான் பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கூடவே நடந்தாள்.

கூடத்து நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் உட்காருகிறவரின் தலை உயரத்தில் மைக் நின்றது.

"இது யாரு உக்காருற நாற்காலி அண்ணாச்சி?"

"நான்தான்."

"அக்கா, பையன் பேசும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

ரெஜினாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "அடுக்களை வாசப்படியிலதான். முப்பது வருசமா அதானே என் இடம்."

அருளப்பனுக்குச் சுருக்கென்றது.

நூர்ஜஹான் மைக்கை வாசப்படிக்குக் கொண்டுபோனாள். தரையில் உட்காரும் ரெஜினாளின் காது உயரத்துக்கு இறக்கினாள். "மைக் நிக்கிற இடத்துக்குத்தான் கம்ப்யூட்டர் சத்தத்தைச் சரி பண்ணும் அண்ணாச்சி" என்றபடி, ஃபேனை நிறுத்தச் சொல்லி அளந்தாள். சோதனைச் சத்தம் ஊளையிட்டு அடங்கியது. பிறகு மகனின் குரலைப் போட்டாள்.

"எம்மா, காலு வீக்கம் வத்திச்சா? மாத்திரையை மறந்துராத. இங்க மீன் குழம்பு வைக்கான், உன் கைப்பக்குவம் வரமாட்டேங்கு…"

"மாதாவே! இம்புட்டும் பேசுதானா? இவரு 'உன்னைக் கேட்டான்'னு ஒத்தை வார்த்தையில முடிச்சிருவாரே!"

ரெஜினாள் நூர்ஜஹானின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "காது செத்துப்போச்சுன்னே நெனச்சிட்டேன் தாயீ. நீ நல்லா இருக்கணும்."

அருளப்பனுக்கும் கண் நிறைந்துவிட்டது. தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, இன்னொரு தரம் போடச் சொன்னார். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன் டீச்சர். ஆனா இப்ப எனக்கு இங்க கொஞ்சம் பானைச் சத்தமால்லா இருக்கு. இதுக்கு என்ன செய்ய?"

நூர்ஜஹான் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அக்கா பக்கத்துல இடம் கிடக்கு அண்ணாச்சி."