பக்கத்தில் இருந்தவன்

குருவைவிடச் சீடர் கோதண்டத்துக்கு வயது கூட. அன்று மடத்துக்கு வந்தவர் கும்பிடக்கூட மறந்து உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, மாசிலாமணிக்கு நான் சிநேகிதனா இருந்தேனா?"

மாசிலாமணி போன மாதம் இறந்துபோனவர். ஞாயிறு தவறாமல் இருவரும் ஏரிக்குப் பறவை பார்க்கப் போவார்கள். 'கொக்குக் கோஷ்டி' என்று ஊரில் கேலி பேசாத ஆள் கிடையாது.

"இப்ப ஏன் இந்தச் சந்தேகம்?"

"படத்திறப்புக்கு அவன் மக ரெண்டு போட்டோ கொண்டாந்து, 'மாமா, எது அப்பா மாதிரியே இருக்கு?'ன்னு கேட்டுச்சு. எனக்குச் சொல்லத் தெரியல."

"ஏன்?"

"அவன் முகமே நெனவுக்கு வரல சாமி. நாமக்கோழிக்கு நெத்தி என்ன நிறம்னு கேளுங்க, தூக்கத்துல சொல்லுவேன். பக்கத்துல உட்கார்ந்திருந்தவனைத் திரும்பிப் பார்த்ததில்ல. இத்தனை வருஷமும் தண்ணியத்தான் பார்த்திருக்கேன்."

கோதண்டம் அழுதார். பிறகு கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"மடத்துல வெச்சுக்குங்க. இனிமே ஏரிப்பக்கம் போறதா இல்ல."

குரு அதை மாற்றிப் பிடித்து அவரைப் பார்த்தார்.

"ரொம்ப தூரத்துல தெரியிறீங்க. எனக்கு இதுல பார்க்கத் தெரியாது. நாளைக்கு வந்து சொல்லிக்கொடுங்க."

மறுநாள் விடிந்ததும் இருவரும் ஏரிக்குப் போனார்கள். மதகுச் சுவரில் கோதண்டம் உட்கார, அவருக்கு வலப்பக்கம் குரு உட்கார்ந்துகொண்டார். பைனாகுலர் குருவிடமே இருந்தது.

"அதோ, காக்கா."

"அது நீர்க்காகம் சாமி."

"இது கொக்கு."

"நாரை."

"அப்ப அங்க நிக்கிறது?"

"அது வெறும் கட்டை. கொஞ்சம் பேசாம இருங்க சாமி."

குரு பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று கட்டைக்கு அருகே தண்ணீருக்கு மேல் ஒரு நீளக் கழுத்து மட்டும் எழுந்தது. பாம்புத்தாரா. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அலகில் ஒரு மீன் துடித்தது.

கோதண்டம் முன்னால் சாய்ந்தார். கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. இடது கை மட்டும் மெல்ல நீண்டு, மாசிலாமணி எப்போதும் உட்காரும் இடத்தைத் தட்டியது. அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. கை மறுபடியும் தட்டியது.

"தெரியுதா? கட்டைக்கு இந்தாண்ட பாரு," என்று கிசுகிசுத்தார்.

பறவை மீனை விழுங்கிவிட்டு முங்கியது.

"ஐயா," என்றார் குரு. "நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

கோதண்டம் திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை.