கல் ஏறாத வண்டி

சம்பந்தி முன்னால் தலை குனிவதைவிடப் போர்க்களத்தில் தலையே போனாலும் தேவலை என்று நினைக்கிறவர் தென்கரை நாட்டு மன்னர் முத்துவிசயர். மகள் பூங்கோதையை மேல்மலை நாட்டுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவருக்கு இந்த வியாதி.

ஒருநாள் அந்த மகளிடமிருந்து ஆள் வந்தான். "இங்கே பெரிய ஏரியின் மதகு விரிசல் விட்டுவிட்டது, அப்பா. மழைக்கு முன்னால் பூசாவிட்டால் கீழே இருக்கிற ஊர்களெல்லாம் வெள்ளத்தில் போய்விடும். சுண்ணாம்பு அரைக்கிற கல்லும் உடைந்துவிட்டது. நம் ஊர்க் கருங்கல்லில் ஒன்று செய்து அனுப்புங்கள்" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

"பார்த்ததும் சம்பந்தி வாயைப் பிளக்க வேண்டும்! அப்படி ஒரு கல் செய்யுங்கள்" என்றார் மன்னர். கல்தச்சர்கள் செய்துவிட்டார்கள். ஆள் உயரம், கட்டில் அகலம், உருளை வடிவக் கருங்கல். நடுவில் மரம் நுழைக்க ஒரு துளை.

எல்லாம் முடிந்த பிறகுதான் படைத் தளவாய் சூரப்பர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மகாராஜா, மேல்மலை எல்லையில் ஒரு சட்டம் இருக்கிறது. வண்டியில் ஓர் அச்சின்மேல் இருபது மூட்டை எடைக்கு மேல் ஏற்றக்கூடாது. பாதை பள்ளமாகிவிடுமாம். இந்தக் கல்லோ நூறு மூட்டை இருக்கும்."

"அவர் ஏரிக்குப் போகிற கல் ஐயா! அவரே விட்டுக்கொடுக்கட்டும்."

கேட்டனுப்பினார்கள். சம்பந்தி அரிகண்டதேவரிடமிருந்து பதில் வந்தது: "என் சட்டம் எனக்கும்தான். ஆனாலும் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மாட்டையும் சக்கரத்தையும் எடையில் சேர்க்க மாட்டோம். முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள் சம்பந்தி. நாங்கள் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டோம்."

தப்பாக நினைக்க மாட்டாராமே! மன்னருக்குப் பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி இருந்தது.

தளவாய் விடவில்லை. ஆறு அச்சு வைத்து, பன்னிரண்டு சக்கரம் போட்டு ஒரு வண்டி கட்டினார். கல்லைப் படுக்கப் போட்டு வடத்தால் இறுக்கினார். கணக்கெல்லாம் சரிதான். வழியனுப்ப மன்னரே வந்தார். மலைப்பாதையின் முதல் வளைவு வரை ராஜநடை. அங்கே வந்ததும் வண்டி திரும்ப மாட்டேன் என்றது. அவ்வளவு நீளம்! முன்மாடு ஒரு பக்கம் இழுக்க, பின்சக்கரம் இன்னொரு பக்கம் போக, வடம் அறுந்தது. கல் சரிந்து, நிமிர்ந்து நின்று, வந்த வழியே உருள ஆரம்பித்தது.

ஐயையோ! தளவாய் வாய்க்காலில் குதித்தார். மன்னர் வேலி தாண்டினார், அதுவும் கிரீடத்தோடு. கல் பாட்டுக்குக் கடலைக்காட்டைத் தாண்டிப் போய் ஒரு மேட்டடியில் நின்றது.

எல்லாரும் வெலவெலத்துப் போயிருக்க, ஒருத்தன் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் ஏகாம்பரம். வாய்த்துடுக்குக்கென்றே அரண்மனையில் சம்பளம் வாங்குகிறவன்.

"என் மானம் போகிறது, உனக்குச் சிரிப்பு வருகிறதா?" மன்னர் கிரீடத்தை நேராக்கிக்கொண்டார். "பூங்கோதை முகத்தில் எப்படியடா விழிப்பேன்?"

"தாராளமாக விழிக்கலாம் மகாராஜா. கல்லை நான் கொண்டுபோகிறேன்."

"எந்த வண்டியில் ஏற்றுவாய்?" என்றார் தளவாய், ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே.

"ஏற்றவே மாட்டேன்."

"கல் எல்லை தாண்டாவிட்டால் இவனைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்புங்கள் மகாராஜா!"

"தாண்டிவிட்டால் சுண்ணாம்பு கலக்க நீங்கள் வரவேண்டும், தளவாயாரே" என்றான் ஏகாம்பரம்.

கல் கிளம்பியதும் மன்னர் பல்லக்கில் பின்னாலேயே போனார். வீட்டில் உட்கார்ந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. எல்லையில் சுங்க அதிகாரி வழிமறித்தார். வந்து நின்றது ஒரு விசித்திரம். கல்லின் துளையில் ஒரு வைரம் பாய்ந்த மரம் அச்சாகக் கோத்திருந்தது. அச்சைச் சுற்றி ஒரு மரச்சட்டம். முன்னால் எட்டு ஜோடி மாடு. சட்டத்தின்மேல் ஒரு பலகை, பலகையில் ஏகாம்பரம் வெற்றிலை போட்டுக்கொண்டு.

"பாரத்தை இறக்கு" என்றார் அதிகாரி.

ஏகாம்பரம் இறங்கினான்.

"உன்னை யார் இறங்கச் சொன்னது? கல்லை இறக்கு!"

"அது சக்கரம் ஐயா. சக்கரத்தை எடை போட மாட்டோம் என்று உங்கள் மகாராஜா திருவாயாலேயே சொல்லியிருக்கிறார். அச்சின்மேல் வந்த பாரம் நான்தான். நிறுத்துக்கொள்ளுங்கள்."

நிறுத்தார்கள். ஒன்றே கால் மூட்டை தேறினான்.

"பாதை பள்ளமாகுமே?" அதிகாரி கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தார்.

"பின்னால் பாருங்கள் ஐயா."

பார்த்தார். மற்ற வண்டிகள் போட்ட பள்ளத்தையெல்லாம் அந்த அகலக் கல் அழுத்தி, பாய் விரித்ததுபோல ஆக்கியிருந்தது. அதிகாரி கதவைத் திறந்துவிட்டார். பல்லக்குக்குள் மன்னர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

ஏரிக்கரையில் வேலை மும்முரமானது. வட்டத் தொட்டியில் மாடு சுற்ற, கல் சுற்ற, பலகைமேல் ஏகாம்பரமும் சுற்ற, சுண்ணாம்பு வெண்ணெயாக அரைந்தது. தளவாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலக்கினார். மதகு பாதி பூசியாகிவிட்டது. மேற்கே மேகம் கறுத்தது. அப்போது அரிகண்டதேவர் வந்தார். தோற்றது அவருக்குப் பொறுக்கவில்லை.

"பிரமாதம் சம்பந்தி! ஆனால் எங்களிடம் இன்னொரு சட்டம் இருக்கிறதே. வெளிநாட்டு வண்டி போகிற இடம் போய்ச் சேர்ந்ததும், வந்த சக்கரத்தோடு மறுநாளே எல்லை தாண்டிவிட வேண்டும். உங்கள் வண்டி வந்து எத்தனை நாளாயிற்று?"

பூங்கோதை முகம் வாடிப்போனது. மன்னர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பாதி மதகோடு மழை வந்தால் என்ன ஆவது? எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். அவன் பலகையிலிருந்து இறங்கக்கூட இல்லை. மாட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சுற்றிக்கொண்டே பதில் சொன்னான்.

"நாங்கள் இன்னும் போய்ச் சேரவே இல்லையே, மகாராஜா. போய்க்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் நாட்டுப் பாதையில் வளைவு கொஞ்சம் அதிகம்!"

அரிகண்டதேவர் மீசையைக் கடித்து அடக்கப் பார்த்தார். முடியவில்லை. குபீரென்று சிரித்து, கையிலிருந்த கடகத்தைக் கழற்றி ஏகாம்பரத்தை நோக்கி வீசினார். முத்துவிசயர் சம்பந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சரியப்பா, மெதுவாகவே போ" என்றார் அரிகண்டதேவர். "மதகு முடிகிறவரைக்கும் நீ போகிற ஊர் வராமலே இருக்கட்டும்!"