மூலைக் கட்டில் தையல்

"சார், அந்த மூலைக் கட்டில்காரருக்கு வேற யாராவது தையல் பிரிக்கட்டும்" என்றான் மதியழகன்.

பேராசிரியர் இருதயராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

மூலைக் கட்டிலில் இருப்பவர் மாசிலாமணி, பஸ் கண்டக்டர். குடல்வால் வீங்கி வந்தவர். ஆபரேஷன் செய்தவன் மதியழகன். கத்தி வைத்தவனே தையலும் பிரிக்க வேண்டும் என்பது அந்த யூனிட்டில் வழக்கம்.

"ஏன், திட்டுறாரா?"

"இல்ல சார். புகழ்றாரு."

அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கைராசிக்கார டாக்டர், பூப்போலச் செய்தார் என்று அந்த ஆள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டக்டர் குரல் வேறு, கேட்கவா வேண்டும், வார்டு முழுக்கக் கேட்டது. அவர் மனைவி டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். அதை அவனால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

"புகழ்ந்தா வாங்கிக்கோ" என்றார் சார்.

"எனக்கு வெக்கமா இருக்கு சார்."

சார் நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

அவன் வந்தது அறுவை சிகிச்சை படிக்க. விடுதியில் பெட்டியைப் பிரித்து வைப்பதற்குள் கொரோனா வந்துவிட்டது. ஆபரேஷன் வார்டெல்லாம் கொரோனா வார்டு ஆனது. அவசரமென்று வந்த ஒன்றிரண்டு கேஸையும் பெரிய டாக்டர்களே சட்டுபுட்டென்று முடித்துவிட்டு ஓடினார்கள். பக்கத்தில் நின்று பார்க்கக்கூட ஆள் சேர்க்கவில்லை.

மதியழகன் பிளாஸ்டிக் உடுப்புக்குள் வெந்துகொண்டு, மூச்சுத் திணறுபவர்களைக் குப்புறப் புரட்டிப் படுக்க வைத்தான். ஆக்சிஜன் கூட்டினான், குறைத்தான். வீட்டார் கடைசியாகப் பார்க்க, போகிற உயிரின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு கையுறை போட்ட கையால் ஊசி போட நரம்பு தேடுவதில் அவனை அடிக்க ஆளில்லை. எல்லாம் சரிதான். வயிற்றைத் திறக்க அது உதவுமா?

சார் அப்போது வீட்டில் இருந்தார். சர்க்கரை, இதயத்தில் அடைப்பு. வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. போனில்தான் பாடம் நடத்தினார்.

ஒரு நாள் ரத்தக்குழாயைக் கட்டும் முடிச்சைச் சொல்லிக் கொடுத்தார். நாற்காலிக் கைப்பிடியில் நூலைச் சுற்றி, கேமராவுக்கு முன்னால் மெதுவாகப் போட்டுக் காட்டினார். முதல் சுற்று தெரிந்தது. இரண்டாவது சுற்றின்போது படம் உறைந்துவிட்டது. திரும்பி வந்தபோது முடிச்சு முடிந்திருந்தது.

புரிந்ததா என்று கேட்டார். எல்லாரும் "யெஸ் சார்" என்று தட்டினார்கள். மதியழகனும் தட்டினான். பார்க்காததை அவனே யூகித்துக்கொண்டான். விடுதிக் கட்டில் கம்பியில் அதையே போட்டுப் போட்டுப் பழகினான். கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் போடுவான்.

கொரோனா அடங்கியது. வார்டு திரும்பக் கிடைத்தது. ஜூனியர்கள் சூழ நிற்க, குடல்வால் ஆபரேஷன் பண்ணியிருக்கியா என்று சார் கேட்டார். படிப்பு முடியப்போகிறவன். இல்லை என்று எந்த வாயால் சொல்வான்?

"பண்ணியிருக்கேன் சார்" என்றான்.

அப்படித்தான் மாசிலாமணி அவன் கைக்கு வந்தார்.

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணுகூடப் பண்ணதில்ல சார். பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார் சார்.

மதியழகனுக்கு வெட்கம் போய்க் கோபம் வந்தது.

"தெரிஞ்சும் ஏன் சார் குடுத்தீங்க?"

"எதிர்ல நான் நிக்கிறேன்ல, என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன்."

என்ன ஆனது என்பது இருவருக்கும் தெரியும். மதியழகன் வலது பக்கம் நின்றான். அது ஆபரேஷன் செய்பவரின் இடம். சார் இடது பக்கம், உதவிக்கு நிற்பவரின் இடத்தில். மதியழகன் ரத்தக்குழாயைக் கட்டி, வெட்டினான். முடிச்சு நழுவியது. குபுக்கென்று ரத்தம் நிறைந்தது. சார் விரலை வைத்து அழுத்திப் பிடித்து, நூலை வாங்கி, தானே கட்டினார்.

முதுகில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். மாசிலாமணி விழித்துத்தான் இருந்தார். முகத்துக்கு முன்னால் தொங்கிய பச்சைத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன டாக்டர், பேச்சையே காணோம்?" என்று கேட்டார்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்றான் மதியழகன். சார் வாயே திறக்கவில்லை.

இப்போது சார் மேஜை இழுப்பறையிலிருந்து நூலை எடுத்து நீட்டினார். நாற்காலிக் கைப்பிடியைக் காட்டினார்.

மதியழகன் முடிச்சுப் போட்டான். சார் ஒரு விரலால் இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.

"ரெண்டாவது சுத்து எதிர்ப்பக்கம் வரணும். நீ ரெண்டையும் ஒரே பக்கமாச் சுத்துற. இதை எங்க கத்துக்கிட்ட?"

"உங்ககிட்டதான் சார். போன்ல."

சார் நூலைச் சுருட்டி மேஜையில் வைத்தார்.

"ஆபரேஷன் அன்னைக்கு நீ இதைப் போடும்போது நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?"

"எத்தனை காலமா கத்தியே தொடாத கை என்னோடது. நீ போட்டது சரியா தப்பான்னு எனக்கே ஒரு நிமிஷம் நிச்சயமாத் தெரியல. சுத்தி எல்லாரும் நிக்கிறாங்க. தெரியலன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவ்வளவு பெரிய மனிதர் கூனிக்குறுகி மதியழகன் பார்த்ததில்லை. பார்க்கவும் சகிக்கவில்லை.

"பேச்சையே காணோம்னு மாசிலாமணி அப்பவே கேட்டாரே சார்" என்றான் மெதுவாக.

"கேட்டாரு."

சார் எழுந்தார். "வா. தையல் பிரிக்கணும்."

மூலைக் கட்டிலில் மாசிலாமணி அவர்களைப் பார்த்ததும் குரலெடுத்தார். கைராசிக்காரர் வந்துவிட்டார், எழுந்து வழிவிடு என்று மனைவியை விரட்டினார். அவர் பாட்டுக்கு மேலே புகழ்வதற்குள் மதியழகன் சொல்லிவிட்டான்.

"அண்ணே, எனக்கு நீங்கதான் முதல் ஆளு. நான் போட்ட முடிச்சு நழுவிடுச்சு. ரத்தம் வந்துச்சு. சார்தான் நிறுத்துனாரு. நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

"முடிச்சைச் சரியாச் சொல்லிக் குடுக்காதவன் நான்" என்றார் சார். "தப்பாப் போடுறதைப் பார்த்துட்டு சும்மா நின்னவனும் நான்தான்."

மாசிலாமணியின் மனைவி டிபன் பாக்ஸை மூடினாள்.

மாசிலாமணி பேசியபோது கண்டக்டர் குரல் இல்லை.

"அப்பவே எனக்குத் தெரியும் டாக்டர். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருந்தீங்க. திடீர்னு நின்னுபோச்சு. கீழே மரத்துக் கெடக்கு, கண்ணு முன்னாடி துணி. என் பிள்ளைங்க மூஞ்சியெல்லாம் வந்துட்டுப் போச்சு."

மனைவி கையிலிருந்த டிபன் பாக்ஸைக் காட்டினார்.

"அதான் வார்டுக்கு வந்ததுலேருந்து உங்களைப் புகழ்ந்துக்கிட்டே இருக்கேன். இன்னும் தையல் பிரிக்கணுமே. மறுபடியும் உங்க கையிலதானே நான் படுக்கணும்?"

மதியழகனுக்குத் தலை நிமிரவில்லை. சாருக்கும்தான். வேறு டாக்டரை வரச் சொல்கிறேன் என்று மட்டும் அவனால் சொல்ல முடிந்தது.

மாசிலாமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"நீங்களே பிரிங்க. ஆனா சொல்லிக்கிட்டே பிரிங்க."

சார் கத்தரியும் பஞ்சும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலின் இடது பக்கம் போய் நின்றார்.

மதியழகன் கத்தரியை எடுத்தான்.

"முதல் தையல் அண்ணே. சுருக்குன்னு இழுக்கும்."

"ம், போலாம்" என்றார் மாசிலாமணி.