நோயில்லாத கதவில் வேப்பிலை

மடத்து வாசலுக்கு வந்த தணிகாசலம் படியேறவில்லை. அரிசி மண்டி வைத்திருப்பவர். தலை பாதி நரைத்துவிட்டது. மடத்தை நடத்தும் மங்கையம்மைக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் தணிகாசலத்துக்கு அவர்தான் குரு.

"ஏன் அங்கேயே நிற்கிறாய்?"

"தொண்டை கரகரக்கிறது, அம்மா. உங்களுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே."

"நல்லது. வீட்டிலும் இப்படித்தான் எட்ட நிற்கிறாயா?"

தணிகாசலம் தலையைச் சொறிந்தார்.

அதைப் பற்றித்தான் கேட்க வந்திருந்தார். அவர் மனைவி தெய்வானைக்குப் போன வருடம் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருந்தார்கள். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க விழுங்கும் மாத்திரைகள், நோயை எதிர்க்கும் சக்தியையும் அடக்கிவிடும். "மற்றவர்களுக்கு வந்து போகும் காய்ச்சல், இவருக்கு வந்தால் போகாது" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இந்த நேரத்தில் தணிகாசலத்தின் அக்கா பொன்னுருவி, நலம் விசாரிக்கிறேன் என்று காய்ச்சலும் இருமலுமாக வந்து இறங்கிவிட்டாள். அவள் இருமலைக் கேட்டதுமே தெய்வானை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"அக்கா அழுகிறாள், அம்மா. ஆரஞ்சுப் பழத்தோடு அவ்வளவு தூரம் வந்தவள் முகத்தில் கதவைச் சாத்தலாமா என்கிறாள். என்னைத் தூக்கி வளர்த்தவள். 'ஒரு நிமிஷம் திறந்து முகத்தைக் காட்டிவிடு' என்று தெய்வானையிடம் கெஞ்சினேன்."

"திறந்தாளா?"

"மாட்டாளாம். மூத்தவள் மனம் நோகாமல் நடப்பது தர்மம் இல்லையா, அம்மா?"

மங்கையம்மை எழுந்தார். முற்றத்து வேம்பில் ஒரு கொத்தை ஒடித்தார். முகக்கவசம் மாட்டிக்கொண்டார். தணிகாசலத்திடமும் ஒன்றை நீட்டினார்.

"நட."

தணிகாசலத்தின் வீட்டுக்குள் நுழைந்த மங்கையம்மை யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே போய், தெய்வானையின் அறைக்கதவில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினார்.

சுக்குக் கஷாயத்தோடு அடுப்படியிலிருந்து வந்த பொன்னுருவி இலையைப் பார்த்தாள். கஷாயம் தளும்பத் தளும்பப் பின்னால் போய்ச் சுவரில் முட்டி நின்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாரியாத்தா! அம்மை போட்டிருக்கிறதா? சொல்லவே இல்லையேடா! எனக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லையே!"

"அம்மை இல்லை," என்றார் மங்கையம்மை. "அவளுக்கு இப்போது ஒரு காய்ச்சலும் இல்லை."

"பிறகு எதற்கு வேப்பிலை? ஆத்தாளோடு விளையாட்டா?"

"விளையாடவில்லை, அக்கா. உங்களுக்கு ஒட்டிவிடும் என்றதும் சுவர் வரைக்கும் போனீர்களே, அங்கேயே இருங்கள். அவளுக்கு அந்தத் தூரம் போதும்."

பொன்னுருவியின் முகம் கடுத்தது. தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய் தணிகா, அதை அவிழ்த்து எறி! இல்லாவிட்டால் இப்போதே பஸ் ஏறிவிடுவேன். அப்புறம் செத்தாலும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

தணிகாசலம் கதவருகே போனார். முடிச்சில் கை வைத்தார்.

"அவிழ்த்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கிறது," என்றாள் உள்ளேயிருந்து தெய்வானை. "அண்ணி முகத்தை இன்னும் முப்பது வருஷம் பார்க்க வேண்டும் எனக்கு. அதனால் இன்றைக்குப் பார்க்க மாட்டேன்."

தணிகாசலத்துக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பி, முழங்கை மடிப்பில் இருமினார். பிறகு முடிச்சை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். தானும் போய் அக்காவுக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டார்.

"ஊரே சிரிக்கும்டா!" என்றாள் பொன்னுருவி.

தணிகாசலம் குருவைப் பார்த்தார். "சிரிக்கத்தான் செய்வார்கள், அம்மா."

"சிரிக்கட்டும்," என்றார் மங்கையம்மை. "வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கச் சொல்."