பல்லி உம் கொட்டிய கதை

அந்தக் காலத்தில், பிராணிகளுக்கும் பேச்சு இருந்தபோது, பல்லியைப் போல வாயாடி வேறில்லை. வேலியில் குடியிருந்துகொண்டு ஊர்க்கதை முழுக்கப் பேசும்.

அந்த வேலிக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஆவுடை. அடுப்பில் நெருப்பு, பானையில் தண்ணீர், ஜாடியில் உப்பு, குதிரில் நெல், ஒழுகாத கூரை எல்லாம் அவளுக்கு இருந்தன. "ஒரு வீட்டுக்கு இதுக்கு மேல என்னட்டி வேணும்?" என்பார்கள். அவளுக்கும் சொல்லத் தெரியாது. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். புருஷன் இசக்கி நல்லவன். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். வயலிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவள் என்ன சொன்னாலும் ஒரு "உம்" வராது. ஏழு வருஷம் முதுகோடு பேசினால் யாருக்குத்தான் அலுக்காது?

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், இசக்கி வயலுக்குப் போகாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தபோது, நனைந்த பல்லி வாசலில் வந்து நின்றது.

"ஆவுடையக்கா, அடுப்புச் சுவர்ல ஒரு ஓரமா ஒட்டிக்கிடட்டா?"

"ஒட்டிக்கோ. ஆனா நான் பேசுதப்போ உம் கொட்டணும்."

"இம்புட்டுத்தானா?"

ஆவுடை ஆரம்பித்தாள். "காலையில இடுப்பு வலியோட தண்ணிக்குப் போனேனா..."

"எனக்கும் வாலுல வலிதான் அக்கா. போன மாசம்..." என்று பல்லி தன் கதையை எடுத்தது.

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் வால்தான். மூன்றாம் முறை அவள் எழுந்துவிட்டாள். மாற்றுச்சேலையை எடுத்து மூட்டை கட்டினாள்.

"எங்கக்கா கெளம்பிட்டீக?"

"எங்க ஆத்தா வீட்டுக்கு. திரும்பி வார எண்ணமில்ல."

பல்லி அடுப்பைப் பார்த்தது. இவள் போனால் அதை யார் மூட்டுவது? மறுபடி மழைக்குள் போகவேண்டியதுதான். அந்த நேரத்திலும் அடுத்த பேச்சு தொண்டைவரை வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் பல்லி தன் நாக்கைத் தானே நறுக்கென்று கடித்துத் துண்டாக்கிக்கொண்டது.

ஆவுடை அதைக் கவனிக்கவில்லை. மூட்டையை இறுக்கிக்கொண்டே தனக்குத்தானே சொன்னாள். "எல்லாம் இருக்கு இந்த வீட்ல. எம் பேச்சக் கேக்கத்தான் ஒரு நாதியில்ல."

"ச்சு, ச்சு" என்றது பல்லி. மிச்சமிருந்த நாக்குக்கு அவ்வளவுதான் வந்தது.

படுத்திருந்த இசக்கி திரும்பினான். "யாரு அது உம் கொட்டுதது?"

"பல்லி."

அவன் எழுந்து உட்கார்ந்தான். மூட்டையைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. "அந்த வாயாடியே ஆமாங்குதுன்னா நெசமாத்தான் இருக்கும்" என்றான். பிறகு மெதுவாக, "உக்காரு. இடுப்பு வலியோட தண்ணிக்குப் போனியே, பெறவு?" என்று கேட்டான்.

ஆவுடைக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்போ இத்தனை நாளும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தீரா?"

"உம்" என்றான் இசக்கி.

அன்று முதல்தான் பல்லி வீட்டுச் சுவரில் குடியிருக்கிறது; நாம் பேசும்போது நடுவில் அது சத்தம் கொடுத்தால், "பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு" என்று, சொன்னது சத்தியம்தான் என நம்பிக்கொள்கிறோம்.